புதிதாக ஒன்றும் தோன்றவில்லை என்கிறவர்களுக்கு: முதலில் வருவது யாருக்கும் பழையதுதான்

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். உயர்தரத்தில் கணிதப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்தீர்கள். இப்போது யாழ்ப்பாண நகரில் ஒரு வடிவமைப்பு நிலையத்தில் கடைப் பெயர்ப்பலகையும் கலியாண அழைப்பிதழும் செய்கிறீர்கள். முதலாளி ஒவ்வொரு முறையும் "புதுசா ஏதாவது கொண்டுவாரும்" என்கிறார், நீங்கள் அரை நாள் கணினித் திரையைப் பார்த்தபடி இருந்துவிட்டு எங்கோ பார்த்ததையே திரும்பச் செய்து கொடுக்கிறீர்கள். படைப்பாற்றல் பிறவியிலேயே வரவேண்டியதா, பழகினால் வருமா என்று கேட்கிறீர்கள்.

பழகினால் வரும். எதைப் பழகுவது என்பதில்தான் சிக்கல். நான் நீண்டகாலம் ஆசிரியர்களுக்கு உளவியல் படிப்பித்தவன், இந்தக் கேள்வியைக் கனபேர் கனவிதமாகக் கேட்டிருக்கிறார்கள், அநேகமாக எல்லோருமே ஏதோ ஒன்று ‘தோன்றும்’ என்று காத்திருக்கிறவர்கள். உங்களுக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றுகிறது, ஆனால் தோன்றிய முதல் நாலைந்தும் பழையதாக இருப்பதைக் கண்டு, எனக்கு இது சரிவராது என்று எழும்பிப் போய்விடுகிறீர்கள். முதல் நாலைந்து எல்லோருக்குமே பழையதுதான், பெரிய கலைஞர்களுக்கும் அப்படித்தான். நான் சொல்லப்போவது ஏறக்குறைய இதை மட்டுமே. ஏன் அப்படி, அதற்கு என்ன செய்யலாம் என்பது மிச்சம்.

அதற்கு முன் அந்த வலது மூளை, இடது மூளைக் கதையைத் தூக்கிப் போட்டுவிடுவோம். கணிதம் படித்தவர்களுக்கு இடது பக்கம்தான் வேலைசெய்யும், அதனால் கற்பனை குறைவு என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். ரொஜர் ஸ்பெர்ரி என்ற அமெரிக்க விஞ்ஞானி, கடும் வலிப்பு நோய்க்காக மூளையின் இரண்டு பாதிகளுக்கும் நடுவிலுள்ள இணைப்பு வெட்டப்பட்டவர்களை ஆராய்ந்து, இரண்டு பாதிகளும் சில வேலைகளில் வேறுபடுகின்றன என்று காட்டினார். 1981இல் நோபல் பரிசும் கிடைத்தது. அவர் சொன்னது அவ்வளவுதான், ஆட்களையே இரண்டு சாதியாகப் பிரித்தது பிறகு வந்த சுயமுன்னேற்றச் சந்தை. 2013இல் யூட்டா பல்கலைக்கழகத்தினர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் மூளை ஸ்கேன்களை எடுத்துப் பார்த்தபோது, ஒரு பக்கம் ஓங்கிய ஆட்கள் என்ற வகையே தென்படவில்லை. கணிதம் படித்தது உங்களுக்கு எந்தக் குறையும் இல்லை.

சரி, ஏன் முதலில் பழையது வருகிறது? சந்திக் கடையில் போய் ‘ஒரு சவர்க்காரம் தாங்கோ’ என்று மட்டும் சொன்னால், கடைக்காரர் கைக்கு எட்டியபடி முன் தட்டில் இருப்பதைத்தான் எடுத்துத் தருவார். வேறு இருக்கா, வேறு இருக்கா என்று நின்று கேட்டால்தான் உள்ளே போய்ப் பின் தட்டைக் கிண்டுவார். ஞாபகமும் இப்படித்தான் வேலைசெய்கிறது. ஒரு சொல்லைக் கேட்டதும் அதோடு அதிகம் சேர்ந்து வந்த விடயங்கள் முதலில் வருகின்றன, தூரத்து உறவுகள் பிந்தி வருகின்றன. சார்னாஃப் மெட்னிக் என்ற உளவியலாளர் 1962இல் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார். சிலருக்கு முதல் இரண்டு மூன்று தொடர்புகள் மிகப் பலமாக இருக்கும், அவற்றைத் தாண்டியதும் ஒன்றும் வராது. சிலருக்கு எல்லாத் தொடர்புகளும் ஓரளவு சமமான பலத்தோடு இருக்கும், அவர்கள் மெதுவாகத் தொடங்கினாலும் தொடர்ந்து போவார்கள் என்றார்.

இதை இப்போதே செய்து பாருங்கள். பனை ஓலையை எதற்கெல்லாம் பாவிக்கலாம்? ஒரு கடதாசியில் எழுதுங்கள். வேலி, கூரை, பெட்டி, பாய், விசிறி, ஏடு என்று ஆறும் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும், உங்கள் பக்கத்து வீட்டு அக்காவும் இதே ஆறைத்தான் சொல்லுவார். அதற்குப் பிறகு ஒரு வெறுமை வரும், பேனை நிற்கும். அந்த இடத்தில் இன்னும் ஐந்து நிமிடம் இருந்தால் காத்தாடி வரும், மாட்டுக்கு வெட்டிப் போடுவது வரும், கூழ் குடிக்கப் பிழா கோலுவது வரும், அதற்கும் பிறகு நீங்களே எதிர்பார்க்காத ஒன்றிரண்டு வரும். ஜே. பி. கில்ஃபோர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் செங்கல்லை வைத்து இதே சோதனையைத்தான் செய்தார். 1950இல் அமெரிக்க உளவியற் சங்கத்தின் தலைவராக அவர் ஆற்றிய உரையிலிருந்துதான் படைப்பாற்றல் ஒரு ஒழுங்கான ஆய்வுத்துறையாகவே எழும்பியது. அவரும் அவரோடு வேலைசெய்தவர்களும் 1957இலேயே கண்டது என்னவென்றால், இப்படியான பட்டியல்களில் நேரம் போகப் போக வருகிற பதில்களின் எண்ணிக்கை குறையும், அவற்றின் அபூர்வத்தன்மை கூடும். இது இத்துறையில் திரும்பத் திரும்ப உறுதியான முடிவுகளில் ஒன்று.

ஆனால் ஆட்கள் இதை நம்புவதில்லை. 2020இல் பிரையன் லூக்கஸ், லோரன் நோர்ட்கிரென் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், தங்கள் யோசனைகளின் தரம் நேரம் போகப் போக விழும் என்றே ஆட்கள் எதிர்பார்த்தார்கள். உண்மையில் அது விழவில்லை, அப்படியே நின்றது அல்லது கூடியது. எதிர்பார்ப்புப் பிழையாக இருந்தவர்கள் முன்கூட்டியே நிறுத்தினார்கள். களைப்பு வருவதை, சரக்கு முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். உங்கள் அரை நாளில் நடப்பதும் இதுதான் என்று நினைக்கிறேன். நீங்கள் அரை நாளும் தேடவில்லை, பத்து நிமிடம் தேடிவிட்டு மிச்ச நேரமெல்லாம் கவலைப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறீர்கள்.

பனையைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்று. தால விலாசம் என்ற பழைய நூல் பனைக்கு 801 பயன் சொல்கிறது என்று நம்மவர்கள் அடிக்கடி பெருமையாகச் சொல்வார்கள். அந்த 801ம் ஒரு கெட்டிக்காரன் ஓரிடத்தில் இருந்து கற்பனை பண்ணியதா? சீவுகிறவர், பின்னுகிறவர், வீடு வேய்கிறவர், வைத்தியர், சமைக்கிறவர் என்று ஆளாளுக்குக் கை வைத்துக் கண்டுபிடித்ததைத்தான் ஒருவர் சேர்த்திருக்க முடியும். பின் தட்டில் ஏதாவது இருந்தால்தானே கடைக்காரர் எடுத்துத் தருவார். நிறுத்தாமல் தேடுவது பாதி, தேடுவதற்குச் சரக்கு வைத்திருப்பது மறு பாதி.

எங்கள் ஊரில் இந்த இரண்டாவது பாதியை மறந்துவிட்டுக் கதைக்கிற பழக்கம் ஒன்று உண்டு. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தைப் பற்றிக் கதை வந்தால், ‘கஷ்டம் வந்தால் மூளை தானா வேலைசெய்யும்’ என்று முடித்துவிடுவார்கள். நீங்கள் பிறக்க முந்திய காலம் என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை, பற்றரி கொண்டுவரத் தடை. மோட்டார் சைக்கிளும் காரும் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் வைத்திருக்கும் கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் விடுவார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது, சூடானால் ஆகும், அவ்வளவுதான் சூட்சுமம். பெரிய கண்டுபிடிப்புப் போலத் தெரிகிறது. ஆனால் நம் தோட்டங்களில் தண்ணீர் இறைக்கிற மெசின்கள் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுவதை அதற்கு முன்பிருந்தே எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கிணற்றடியில் தெரிந்தது ரோட்டுக்கு வந்தது. அதைக் கொண்டுவந்தவர்கள் காபரேற்றரைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்குகள். கஷ்டம் எல்லோருக்கும்தான் இருந்தது, நானும்தான் கஷ்டப்பட்டேன், எனக்கு அப்படி ஒன்றும் தோன்றியிருக்காது, ஏனென்றால் எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது.

கஷ்டம் செய்த வேலை வேறொன்று. முன் தட்டை அது காலியாக்கியது. வழமையான பதில் கையில் இல்லாததால் அடுத்ததைத் தேடியே ஆகவேண்டி வந்தது. சைக்கிள் டைனமோவை எடுங்கள். அதை லைற்றின் ஒரு பாகமாகவே எல்லோரும் பார்த்துப் பழகியவர்கள். அது 6 வோல்ற், 3 வாற் மின்சாரம் தருகிற ஒரு சின்ன இயந்திரம் என்று பார்த்தவர்கள்தான், சைக்கிளை நிறுத்தி வைத்துப் பெடலைச் சுற்றி, டயோட் போட்டு நேரோட்டமாக்கி, வானொலி கேட்டார்கள். உளவியலில் இந்த மனத்தடைக்கு ‘பயன்பாட்டு நிலைப்பு’ (functional fixedness) என்று பெயரே உண்டு. கார்ல் டுங்கர் என்ற ஜெர்மானியர் ஒரு மெழுகுதிரி, ஒரு பெட்டி நிறைய அழுத்தூசி, தீக்குச்சி கொடுத்து, மெழுகு கீழே சிந்தாதபடி திரியைச் சுவரில் பொருத்தச் சொன்னார். பெட்டியைக் காலி பண்ணிச் சுவரில் குத்தி அதன்மேல் மெழுகுதிரியை நிறுத்தவேண்டும். ஊசிகள் பெட்டிக்குள் இருந்தபோது கனபேருக்கு இது தெரியவில்லை, ஊசிகளை வெளியே கொட்டிவிட்டுப் பெட்டியைத் தனியாக வைத்துக் கொடுத்தால் தெரிந்தது. பொருள் எதற்குப் பயன்படுகிறது என்று ஏற்கெனவே தெரிந்திருப்பது, அது வேறு எதற்கெல்லாம் பயன்படும் என்பதை மறைக்கிறது. டுங்கரின் இந்த வேலை ஆங்கிலத்தில் வந்தது 1945இல், இன்றைக்கும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது.

உங்கள் தொழிலுக்கு இதைவிட நேரடியாகப் பொருந்துவது 1991இல் ஜான்சன், ஸ்மித் என்ற இருவர் செய்த ஆய்வு. பொறியியல் மாணவர்களுக்கும் தொழிலில் இருக்கிற பொறியியலாளர்களுக்கும் வடிவமைப்பு வேலை கொடுத்தார்கள். சிலருக்கு ஒரு மாதிரி வடிவத்தையும் காட்டினார்கள், அந்த மாதிரியில் வேண்டுமென்றே குறைகள் இருந்தன. மாதிரியைப் பார்த்தவர்கள் அந்தக் குறைகளையும் சேர்த்தே தங்கள் வடிவத்தில் கொண்டுவந்தார்கள். இப்போது யோசியுங்கள், கலியாண அழைப்பிதழ் செய்ய வேண்டும் என்றதும் நீங்கள் முதலில் செய்வது என்ன? பின்ரெறெஸ்ற் திறக்கிறீர்கள், அல்லது சற்ஜிபிடியிடம் ‘பத்து ஐடியா தா’ என்கிறீர்கள். 2024இல் அனில் டோஷியும் ஒலிவர் ஹவுசரும் செய்த ஆய்வில், செயற்கை நுண்ணறிவின் யோசனைகளைப் பெற்று எழுதியவர்களின் சிறுகதைகளைத் தனித்தனியாக வாசித்தவர்கள் நல்ல புள்ளி கொடுத்தார்கள், ஆனால் எல்லாக் கதைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றையொன்று அதிகம் ஒத்திருந்தன. பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் உங்கள் கையால் ஒரு பக்கம் கிறுக்கிவிட்டுப் பிறகு பாருங்கள். வரிசையை மாற்றினாலே வித்தியாசம் தெரியும்.

வல்வெட்டித்துறைக்குத் தைப்பொங்கலன்று போயிருப்பீர்கள்தானே? அங்கே நடக்கிற பட்டப் போட்டியை நான் படைப்பாற்றல் பாடத்துக்கு எப்போதும் உதாரணமாகச் சொல்வேன். கொக்கு, பிராந்து, எட்டுமூலை, பெட்டி என்று எல்லாருக்கும் தெரிந்த வடிவங்கள் ஒரு பக்கம் இருக்க, முப்பரிமாண உருவங்களையும் காற்றில் அசைந்து தொழிற்படுகிற உருவங்களையும் ஏற்றுகிறார்கள். பார்க்கிற கூட்டத்துக்கு உருவம்தான் தெரியும். கட்டினவருக்குத் தெரிவது பாரமும் முச்சையும் (பட்டத்தில் நூலைப் பூட்டுகிற கட்டு). மூங்கில் எவ்வளவு மெலிதாகச் சீவலாம், முச்சையை எந்த இடத்தில் கட்டினால் தலை குத்தாது, காற்றில் ஒலி எழுப்புகிற விண் பூட்டினால் எவ்வளவு இழுக்கும் என்பதெல்லாம் சின்ன வயதில் சாதாரணக் கொக்குப் பட்டம் கட்டி, அது பனையில் சிக்கி, திரும்பக் கட்டிப் பழகியது. அந்தப் பழைய அறிவு கையில் இருப்பதால்தான் ‘இந்த உருவம் பறக்குமா’ என்ற விசர்க் கேள்வியைக் கேட்க அவர்களுக்குத் துணிவு வருகிறது. உள்ளூர்த் தவில் மேதை தட்சிணாமூர்த்தியை (1933–1975) நினைத்தாலும் இதுதான். மேடையில் அந்த நேரத்தில் பிறந்ததுபோல வந்த வாசிப்புக்கு அடியில் இருந்தது சின்ன வயதிலிருந்து செய்த கடும் சாதகம். கணக்கு விரலில் இருந்ததால் மனம் வேறு இடம் போக முடிந்தது.

எனவே ரியூசனைத் திட்டுகிற கூட்டத்தில் நான் இல்லை. ‘மனப்பாடம்தான் எங்கட பிள்ளைகளின் கற்பனையைக் கொன்றது’ என்பது கேட்க வடிவாக இருக்கும். ஆனால் இராமானுஜனுக்குப் பதினைந்து, பதினாறு வயதில் கும்பகோணத்தில் கிடைத்த புத்தகம் என்ன தெரியுமா? ஜோர்ஜ் கார் என்பவர் 1880களில் வெளியிட்ட கணிதச் சுருக்கம். கார் கேம்பிரிட்ஜ் பரீட்சைக்கு மாணவர்களைத் தயார்படுத்திய ஒரு தனியார் ஆசிரியர், நம் வழக்கில் ரியூசன் மாஸ்ரர். சுமார் 5,000 தேற்றங்களும் சூத்திரங்களும், பெரும்பாலானவற்றுக்கு நிறுவல் இல்லை அல்லது ஒரு வரிக் குறிப்பு மட்டும். அதாவது ரியூசன் நோட்ஸ்தான். இராமானுஜன் அதை மனப்பாடம் செய்துவிட்டு நிற்கவில்லை, ஒவ்வொன்றையும் தானே நிறுவிப் பார்த்து, அங்கிருந்து அப்பால் போனார். உங்களிடமும் அப்படியான சரக்கு இருக்கிறது. கெட்டுப்போனது வேறு இடத்தில். பல்தேர்வு வினாவில் சரியான விடை கண்ணில் பட்டதும் அடுத்த வினாவுக்குத் தாவிவிட வேண்டும் என்று பல வருடம் பழகியிருக்கிறீர்கள். பரீட்சைக்கு அது கெட்டித்தனம். பெயர்ப்பலகைக்கு அந்தப் பழக்கம்தான் எமன், ஏனென்றால் அங்கே முதலில் கண்ணில் படுகிற சரியான விடை பக்கத்துக் கடைக்காரரிடமும் இருக்கிறது.

பரிசைப் பற்றியும் ஒரு சொல். 1973இல் மார்க் லெப்பரும் கூட்டாளிகளும் முன்பள்ளிப் பிள்ளைகளில், படம் கீற விருப்பமானவர்களை மட்டும் தெரிந்தெடுத்து, ஒரு குழுவிடம் ‘கீறினால் சான்றிதழ் தருவோம்’ என்றார்கள். சில நாள் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் பேனைகளை வைத்தபோது, அந்தக் குழு மற்றவர்களைவிட ஏறக்குறையப் பாதி நேரம்தான் கீறியது. சொல்லாமல் திடீரென்று பரிசு கொடுத்த குழுவுக்கு அந்தப் பாதிப்பு இல்லை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்கு ஓடுகிற பெற்றோருக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். உங்களுக்கு ஏன் சொல்கிறேன் என்றால், சம்பளத்துக்குச் செய்கிற வேலைக்குப் பக்கத்தில், யாரும் கேட்காத, யாருக்கும் காட்டத் தேவையில்லாத ஏதாவது ஒன்றையும் வைத்திருங்கள். தமிழ் எழுத்தை விதம்விதமாகக் கீறிப் பார்ப்பது போதும்.

இனி அந்த ‘திடீரென்று தோன்றியது’ என்கிற விடயம். அது பொய் இல்லை. கிரஹாம் வாலஸ் 1926இலேயே இதை நாலு கட்டமாகச் சொன்னார். முட்டி மோதித் தயாராவது, விட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பது, வெளிச்சம் வருவது, வந்ததைச் சரிபார்ப்பது. பிரெஞ்சுக் கணிதவியலாளர் புவான்கரே ஒரு பயணத்தில் பஸ்ஸில் கால் வைக்கும்போது விடை வந்தது என்று எழுதியதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதற்கு முன் இரண்டு கிழமை அவர் ஒவ்வொரு நாளும் மேசையில் இருந்து அந்தக் கணிதப் பிரச்சினையோடு மல்லுக்கட்டியதை விட்டுவிடுவார்கள். முதற்கட்டம் இல்லாமல் மூன்றாவது இல்லை. 2009இல் சியோ, ஒர்மரொட் என்பவர்கள் 117 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, விட்டுவிட்டுத் திரும்பி வருவது உதவுகிறது என்றும், தயாரிப்பில் செலவழித்த நேரம் கூடினால் பலனும் கூடுகிறது என்றும், சில வகைப் பிரச்சினைகளில் சும்மா படுத்திருப்பதைவிட லேசான வேலை ஒன்றில் இருப்பது நல்லது என்றும் வந்தது. பாத்திரம் கழுவலாம், பூக்கண்டுக்குத் தண்ணீர் விடலாம். நடப்பதற்குத் தனி ஆய்வே இருக்கிறது, ஸ்டான்ஃபோர்டில் 2014இல் செய்தது. வெறும் சுவரைப் பார்த்தபடி நடை இயந்திரத்தில் நடந்தவர்களுக்குக்கூடக் கதிரையில் இருந்தவர்களைவிட அதிக யோசனைகள் வந்தன. உங்களுக்கு நடை இயந்திரம் தேவையில்லை, வெய்யில் தாழப் பண்ணைப் பாலம் பக்கம் ஒரு நடை போனால் சரி. கைத்தொலைபேசியை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் அந்த நடை நடையே இல்லை.

யோசனை எங்கிருந்து வந்தது என்பது வந்தவருக்கே தெரியாமல் போவதும் உண்டு. நோர்மன் மேயர் 1931இல் ஒரு சோதனை செய்தார். கூரையிலிருந்து இரண்டு கயிறு தொங்கும், ஒன்றைப் பிடித்தபடி மற்றதை எட்ட முடியாது, இரண்டையும் முடிச்சுப் போடவேண்டும். அறையில் கிடக்கிற குறட்டை ஒரு கயிற்றில் கட்டி ஊசல்போல ஆட்டிவிடுவதுதான் வழி. திணறிக்கொண்டிருந்தவர்களின் பக்கத்தால் மேயர் சும்மா நடந்துபோகிற மாதிரிப் போய்க் கயிற்றில் லேசாக இடிப்பார், கயிறு ஆடும். கொஞ்ச நேரத்தில் பலர் விடையைக் கண்டுவிட்டார்கள், எப்படி வந்தது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் அந்த இடிபட்டதைச் சொல்லவே இல்லை, தானாகத் தோன்றியது என்றார்கள். கலைஞர்கள் ‘எனக்கு அருளப்பட்டது’ என்று சொல்லும்போது நான் இந்தக் கயிற்றைத்தான் நினைப்பேன். அவர்கள் பொய் சொல்லவில்லை, கயிற்றை யார் ஆட்டினார்கள் என்று பார்க்கவில்லை.

கூட்டம் போட்டு யோசிப்பதையும் கேட்டிருந்தீர்கள், உங்கள் நிலையத்தில் கிழமைக்கொரு தடவை எல்லோரையும் இருத்தி ‘ஐடியா சொல்லுங்கோ’ என்பார்களாம். அலெக்ஸ் ஒஸ்போர்ன் என்ற விளம்பரக்காரர் இந்த முறையை 1940, 50களில் பிரபலப்படுத்தினார், எண்ணிக்கை முக்கியம், உடனே குறை சொல்லாதீர்கள் என்ற அவருடைய விதிகள் நல்ல விதிகள்தான். ஆனால் 1958இலேயே யேல் பல்கலைக்கழகத்தில், நாலு பேர் சேர்ந்திருந்து சொன்னதைவிட, நாலு பேர் தனித்தனியாக எழுதிப் பிறகு சேர்த்தால் யோசனைகள் அதிகம் என்று காட்டிவிட்டார்கள். 1987இல் டீல், ஷ்ட்ரோப என்ற இருவர் காரணத்தையும் கண்டார்கள். ஒருவர் கதைக்கும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது, காத்திருக்கிற நேரத்தில் யோசனை அழிகிறது. எங்கள் ஊரில் இதோடு இன்னொன்று சேரும், மூத்தவர் முதலில் கதைப்பார், மற்றவர்கள் ‘ஓமோம், அண்ணை சொல்றது சரி’ என்பார்கள். எனவே கதைக்க முன் பத்து நிமிடம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு எழுதுங்கள், பிறகு ஆளாளுக்கு வாசியுங்கள், முதலாளி கடைசியாக வாசிக்கட்டும். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் சாமர்த்தியம்.

இப்போது வேலைக்கு வருவோம். சைக்கிள் திருத்துகிற கடை ஒன்றுக்குப் பெயர்ப்பலகை என்று வைத்துக்கொள்வோம். ஒரு கொப்பியை எடுத்து முன் தட்டைக் கழித்துவிடுங்கள். சில்லு, ஸ்பானர், பெடல், சங்கிலி, கடைப் பெயரில் வருகிற ‘ட’வையோ ‘ம’வையோ சைக்கிளாக்குவது. எழுதி, எல்லாவற்றிலும் ஒரு கோடு போடுங்கள், இவை இனிக் கிடையாது. இப்போது வரும் வெறுமையில் பயப்படாமல், கடையைப் பற்றி எனக்கு உண்மையில் என்ன தெரியும் என்று கேளுங்கள். தெரியாவிட்டால் போய் அரை மணித்தியாலம் நில்லுங்கள். காலையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை காத்துப்போன சில்லோடு அழாக்குறையாக உருட்டிக்கொண்டு வருவது, கடைக்காரரின் கையில் ஒட்டியிருக்கிற சொலுசன், தொங்கிக் கிடக்கும் பழைய ரயர்கள், ரியூப்பைத் தண்ணீர்ப் பேசினுக்குள் அமுக்கி ஓட்டையைத் தேடும்போது வருகிற குமிழிகள். அந்தக் குமிழிகள் எனக்குப் பிடிக்கும். தமிழ் எழுத்தில் மெய்க்குப் புள்ளி வருகிறதே, அந்தப் புள்ளிகள் மட்டும் குமிழிகளாக மேலே போனால்? இது நல்லதா தெரியாது, கீறிப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் சில்லைத் தாண்டிப் போயிருக்கிறது, அதோடு அந்தக் கடையில் நின்று பார்த்தவருக்கு மட்டும் வரக்கூடியது.

அன்றைக்கே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். தேடுகிற மனமும் தெரிவு செய்கிற மனமும் ஒரே நேரத்தில் இருந்தால் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும், குறிப்பாகப் பரீட்சைப் பிள்ளைகளுக்குத் தெரிவு செய்கிற மனம் மிக வேகம். அடுத்த நாள் காலை கொப்பியைத் திறந்து, இரக்கமில்லாமல் வெட்டுங்கள். பெரும்பாலானவை குப்பையாக இருக்கும். டீன் சைமன்டன் என்பவர் விஞ்ஞானிகள், இசையமைப்பாளர்கள் பலரின் வாழ்நாள் வேலைகளை எண்ணிப் பார்த்துச் சொன்னது, அதிகம் நல்லது செய்தவர்கள் பொதுவாக அதிகம் செய்தவர்கள், அவர்களின் சுமாரான வேலைகளும் அதே கணக்கில் கூடத்தான் இருந்தன.

கடைசியாக, முதலாளி. ‘புதுசா கொண்டுவாரும்’ என்கிறவர், உண்மையிலேயே புதியதைக் கொண்டுபோனால் முகம் சுளிப்பார், அதற்குத் தயாராகப் போங்கள். 2012இல் ஜெனிஃபர் முல்லரும் கூட்டாளிகளும் காட்டியது, ஆட்கள் படைப்பாற்றல் வேண்டும் என்று வாயால் சொன்னாலும், நிச்சயமின்மை கூடிய மனநிலையில் இருக்கும்போது புதிய யோசனையை உள்ளுக்குள் வெறுக்கிறார்கள், அது நல்ல யோசனை என்று அடையாளம் காண்பதும் அவர்களுக்குக் கஷ்டமாகிறது. எனவே அவருடைய நிச்சயமின்மையைக் குறையுங்கள். வெறும் கணினித் திரையில் காட்டாதீர்கள். கடை முகப்பைத் தெருவின் மறுபக்கத்தில் நின்று படம் எடுத்து, அதில் உங்கள் பலகையைப் பொருத்திக் காட்டுங்கள், பக்கத்தில் வழமையான சில்லுப் பலகை ஒன்றையும் அதே படத்தில் பொருத்தி வையுங்கள். பலகையின் உயரமும் எழுத்தின் பருமனும் உண்மையான அளவில் இருக்கட்டும், ஏனென்றால் கடைக்காரர் கேட்கிற முதல் கேள்வி அநேகமாக, ‘றோட்டில போற ஆள் சைக்கிளில இருந்து வாசிக்கேலுமோ’ என்பதாகத்தான் இருக்கும்.